பர் பட்ட இடத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள்: பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் பல் லேபில் வேலை செய்பவன். நீங்கள் அளவெடுத்து அனுப்புவதை வாங்கி, பல்லுக்கு மேல் மாட்டும் உறையான கிரௌன், இல்லாத பல்லின் இடத்தை நிரப்பும் பிரிட்ஜ், பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய தகடான வெனீர் எல்லாம் பீங்கானில் செய்து திருப்பி அனுப்புவது என் தொழில். இருபது வருடத்துக்கு மேல் இந்த மேசையில் உட்கார்ந்தாயிற்று. உங்களில் பலரை நான் நேரில் பார்த்ததே கிடையாது. லேப் சீட்டில் இருக்கும் கையெழுத்து, அவசரத்துக்கு வரும் ஒரு போன், அவ்வளவுதான் நமக்குள் பழக்கம். போனில் சொல்லத் தயங்கியே பல வருடம் போய்விட்டதால் மடலாக எழுதுகிறேன்.

கிரௌனை வாயில் வைத்து, மேலும் கீழும் சரியாகக் கடிபடுகிறதா என்று பைட் பார்க்கிறீர்கள். உயரமாக இருக்கும் இடத்தை, சுழன்று அரைக்கும் சின்ன முனையான டைமண்ட் பரால் குறைக்கிறீர்கள். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எவ்வளவு நன்றாகச் செய்த கிரௌனுக்கும் அது தேவைப்படலாம். ஆனால் அப்படிக் குறைத்த இடத்தைப் பாலிஷ் செய்யாமல் நோயாளியை எழுப்பி அனுப்பிவிடாதீர்கள். இந்த ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடல்.

சில மாதங்களுக்கு முன் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்குப் புதுக் கிரௌன் கேட்டு ஒரு வேலை வந்தது. நிறம் பார்க்க உதவும் என்று, வெட்டி எடுத்த பழைய கிரௌனையும் ஒரு சின்னக் கவரில் போட்டு அனுப்பியிருந்தார்கள். இரண்டு துண்டாக இருந்தது. கவரைக் கவிழ்த்ததுமே என் கைவேலை என்று தெரிந்துவிட்டது. மேல்பரப்புக் குழிகளை நான் ஒரு மாதிரி வளைத்து இழுப்பேன், அது அப்படியே இருந்தது. ஜிர்கோனியா என்ற கடினமான பீங்கானில் நான்கு வருடத்துக்கு முன் செய்த கிரௌன்.

மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தேன். நடுக்குழியை ஒட்டி ஒரு இடம், கன்னப் பக்கக் கூரின் (பல்லின் மேட்டு முனையின்) உட்சரிவில் ஒரு இடம், இரண்டிலும் பளபளப்பே இல்லை. ஏர் ஓட்டிய நிலம் மாதிரி வரி வரியாகக் கோடுகள், எல்லாம் ஒரே திசையில். பரை ஒரே பக்கமாக இழுத்தால் விழும் கோடுகள் அவை. நான்கு வருடம் மென்ற பிறகும் அழியவில்லை. அப்புறம் எதிர்ப் பற்களின் மாடலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கிரௌனுக்கு நேர் மேலே கடிக்கும் பல்லின் அண்ணப் பக்கக் கூர் தட்டையாகி, தட்டையின் நடுவில் கிண்ணம் போலக் குழிந்திருந்தது. வாயின் மறுபக்கத்தில் அதே பல் கூர் மழுங்காமல் இருந்தது. ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் தேயாமல் இருந்தால் பல்லைக் கடிக்கும் பழக்கம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

அந்த மேல் பல்லில் சொத்தை இல்லை, அதற்கு யாரும் எந்தச் சிகிச்சையும் செய்ததில்லை. ஆரோக்கியமான பல். கீழே இருந்த பல்லைக் காப்பாற்ற நீங்களும் நானும் சேர்ந்து வைத்த பொருள் அதைத் தின்றிருக்கிறது. அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இந்த இடத்தில் பலரும் உடனே சொல்வது, "ஜிர்கோனியா ரொம்பக் கடினம், அதான் எதிர்ப்பல்லைத் தேய்க்குது" என்பது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். எண்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில், பல்லின் வெளி அடுக்கான எனாமலின் கடினத்தன்மை 300 முதல் 350 வரை, கண்ணாடித்தன்மை உள்ள வழக்கமான பீங்கானான ஃபெல்ட்ஸ்பார் போர்சலின் 500, 600 பக்கம், ஜிர்கோனியா 1,200க்கு மேல். அப்படியானால் ஜிர்கோனியாதான் எனாமலை அதிகம் அரிக்க வேண்டும். சோதனைச் சாலைகளில் தேய்மான எந்திரத்தில் வைத்துப் பார்த்தபோது வந்தது நேர்மாறு. நன்றாகப் பாலிஷ் செய்த ஜிர்கோனியா, போர்சலினை விடவும், சூளையில் சுடும் கண்ணாடிப் பூச்சான கிளேஸ் பூசிய ஜிர்கோனியாவை விடவும் எனாமலைக் குறைவாகவே தேய்த்தது. திரும்பத் திரும்ப இதேதான் வந்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். வழவழவென்ற கண்ணாடி மேல் விரலை எவ்வளவு நேரம் தேய்த்தாலும் தோல் போகாது. அதே கண்ணாடியைப் பொடியாக்கிக் காகிதத்தில் ஒட்டினால் அது உப்புத்தாள். பொருள் ஒன்றுதான், பரப்புதான் வேறு. எதிர்ப்பல்லைத் தேய்ப்பது கடினத்தன்மை அல்ல, சொரசொரப்பு. கடினமான பொருளுக்கு இதில் ஒரு நல்லதும் உண்டு, ஒரு கெட்டதும் உண்டு. வழவழப்பாக விட்டால் அந்த வழவழப்பு வருடக்கணக்கில் நிற்கும். சொரசொரப்பாக விட்டால் அந்தச் சொரசொரப்பும் வருடக்கணக்கில் நிற்கும். நான்கு வருடம் கழித்தும் அந்தக் கிரௌனில் நான் பார்த்த பர் கோடுகள் அதற்குச் சாட்சி.

அதனால்தான் நோயாளியிடம் சொல்லப்படும் ஒரு வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு மனசு கஷ்டப்படுகிறது. "நாக்குல ஏதோ உரசுது டாக்டர்" என்று அவர் சொல்வார். "கொஞ்ச நாள்ல தேய்ஞ்சு தானா சரியாகிடும்" என்று பதில் வரும். உண்மைதான், கொஞ்ச நாளில் உறுத்தல் குறையும். நாக்கு பழகிக்கொள்ளும். ஆனால் தேய்வது கிரௌன் இல்லை, அதற்கு எதிரே இருக்கும் எனாமல். எனாமல் தேய்ந்தால் மறுபடி வளராது. இயல்பான வாயில் பல்லோடு பல் உரசிக் கடைவாய்ப்பற்களில் வருடத்துக்குச் சுமார் 29 மைக்ரானும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) முன்கடைவாய்ப்பற்களில் சுமார் 15 மைக்ரானும் எனாமல் குறைகிறது என்று 1989இல் வெளியான அளவீடு ஒன்று சொல்கிறது. அந்தக் கணக்கில் பத்து வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. உடம்பு அதற்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஆனால் எதிரே உப்புத்தாளை வைத்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. எனாமல் தீர்ந்து அதற்கு அடியில் இருக்கும் டென்டின் வெளியே வந்துவிட்டால் இன்னும் வேகம். டென்டினுக்கு எனாமலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கடினம்தான் உண்டு. மாடலில் நான் பார்த்த கிண்ணக்குழி அப்படி உண்டானதுதான்.

நாக்கைப் பற்றி இன்னொன்று. நோயாளியின் நாக்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அரை மைக்ரான் அளவுக்குச் சொரசொரப்பில் வித்தியாசம் இருந்தாலே நாக்கு நுனி கண்டுபிடித்துவிடும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கிருமிப் படலத்துக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. 1997இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரானுக்குக் கீழே போய்விட்டால் அதற்கு மேல் வழவழப்பாக்கினாலும் கிருமி ஒட்டுவது மேலும் குறைவதில்லை. அதைத் தாண்டினால் படலம் கூடிக்கொண்டே போகிறது. டைமண்ட் பர் பட்ட பரப்பு ஒன்று, இரண்டு மைக்ரானுக்குச் சர்வசாதாரணமாகப் போய்விடும், எல்லைக்கோட்டுக்குப் பல மடங்கு மேலே. அது ஈறோரத்தில் இருந்தால் ஈறு வீங்கும், பல்லிடுக்கில் இருந்தால் கறை பிடிக்கும். அப்புறம் "லேப் வேலை சரியில்லை" என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சு எங்களுக்கு வலிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உடைவது இன்னொரு விஷயம். ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921இல் கண்ணாடியைப் பற்றிச் சொன்னது இன்றைக்கும் நம் மேசைக்குப் பொருந்தும். கண்ணாடி அதன் கணக்குப்படி இருக்க வேண்டிய பலத்தில் மிகச் சிறு பங்கோடுதான் இருக்கிறது, காரணம் அதில் இருக்கும் நுண்கீறல்கள், இழுவிசை வரும்போது அது கீறலின் நுனியில்தான் குவிகிறது என்றார். பீங்கானும் அந்த ஜாதிதான். அழுத்தினால் மலை மாதிரி நிற்கும். இழுத்தால், வளைத்தால், ஒரு கீறல் போதும். பர் போட்ட ஒவ்வொரு கோடும் ஒரு கீறல்தான். பாலிஷ் என்பது அழகுக்காகச் செய்வது என்று நினைத்தால் இதை மறந்துவிடுகிறோம்.

குறிப்பாக ஓர் இடத்தைச் சொல்கிறேன். பிரிட்ஜில் இரண்டு பற்களை இணைக்கும் கனெக்டர் இருக்கிறதே, அதன் அடிப்பக்கம், ஈறைப் பார்த்த பக்கம். மேலிருந்து கடிக்கும்போது பிரிட்ஜ் லேசாக வளையும், அப்போது இழுவிசை எல்லாம் அந்த அடிப்பக்கத்தில்தான் விழும். சுத்தம் செய்ய இடம் வேண்டும் என்று அங்கே பரை விட்டு அரைத்து அப்படியே விட்டுவிட்டால், உடைய வேண்டிய இடத்தில் நாமே கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. முடிந்தவரை அங்கே கை வைக்காதீர்கள். எங்களுக்குத் திருப்பி அனுப்புங்கள், நாங்கள் செய்து தருகிறோம்.

இனி கிளேஸ். இதில் குற்றம் எங்கள் பக்கமும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சார்லஸ் லேண்ட் போர்சலின் ஜாக்கெட் கிரௌனைச் செய்த 1880களிலிருந்தே பளபளப்பு என்றால் சூளையில் வருவது என்றுதான் இந்தத் தொழில் பழகியிருக்கிறது. கடைசியாக ஒரு தரம் சுட்டால் மேலே கண்ணாடி போல ஒரு படலம் உருகிப் பரவும், கிரௌன் மின்னும். பார்த்தவர் கண் நிறையும். நானும் பல வருடம் அதை நம்பியே வேலை செய்தேன். கடைசியாக வைத்த கல்லின் தடம் கொஞ்சம் இருந்தால்கூட, "கிளேஸ் மூடிடும்" என்று சூளைக்குள் வைத்துவிடுவேன். மூடவும் செய்தது. ஆனால் பூசிய கிளேஸ் என்பது சில பத்து மைக்ரான் தடிமன் உள்ள ஒரு பூச்சு. கடிக்கிற இடத்தில் அது சில மாதத்திலேயே போய்விடக்கூடும். போன பின் என்ன தெரியும்? நான் மறைத்து வைத்த கல் தடம் தெரியும். ஜிர்கோனியாவின் மேல் கிளேஸ் தேயும்போது வேறொரு கெடுதலும் உண்டு. உதிர்கிற கண்ணாடித் துணுக்குகளே இரண்டு பற்களுக்கும் நடுவில் மணல் போல நின்று அரைக்கும்.

இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து, எதிர்ப்பல் தொடுகிற இடங்களை முதலில் முழுக்கப் பாலிஷ் செய்கிறேன், அப்புறம்தான் கிளேஸ். கிளேஸ் போனாலும் கீழே வழவழப்பு இருக்கும். சில கிரௌன்களில் கடிக்கும் பரப்பில் கிளேஸே பூசாமல் பாலிஷோடு அனுப்புகிறேன். "ஏன் மேலே பளபளப்பு வேறு மாதிரி இருக்கு" என்று ஒரு டாக்டர் கேட்டார். காரணத்தைச் சொன்னதும், இனி எல்லாமே அப்படித்தான் வேண்டும் என்றார். மற்ற லேப் நண்பர்களும் இதைப் படித்தால், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: நம் சூளையை நம்பி நம் கல்லின் தடத்தை விடக்கூடாது.

"அப்படியானால் அரைத்த பிறகு லேபுக்கே அனுப்பி மறுபடி கிளேஸ் போட்டு வாங்கிக்கொள்கிறோம்" என்பீர்கள். ஒட்டாத கிரௌனாக இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் மெல்லிய வெனீரும், பல்லின் கடிக்கும் பரப்பில் ஒரு பகுதியை மூடும் ஆன்லேயும் இருக்கிறதே, அவற்றை ஒட்டுவதற்கு முன் கடிக்கவே விடக்கூடாது என்பது உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். ஒட்டினால்தான் அவற்றுக்குப் பலம். ஆக, பைட் பார்ப்பது ஒட்டிய பிறகு, பர் வைப்பது ஒட்டிய பிறகு, பாலிஷும் ஒட்டிய பிறகு வாயிலேயேதான். சூளை வாய்க்கு வர முடியாது. அது முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது.

வாயில் பாலிஷ் செய்தால் லேப் அளவுக்கு வருமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. வரும். வரிசையை விடாமல் செய்தால் கிளேஸுக்குச் சமமாகவும், சில சமயம் அதை விட நன்றாகவும் வரும். எங்கள் மேசையில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், உங்கள் நாற்காலிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பாலிஷ் தொடங்குவது ரப்பரில் இல்லை, பரில். முரட்டுத் துகள் உள்ள பச்சை வளையப் பரையோ, நடுத்தரத் துகள் உள்ள நீல வளையப் பரையோ எடுத்துக் கிரௌனில் வைத்துவிட்டால், அது போட்ட பள்ளத்தை எந்த ரப்பராலும் நிரவ முடியாது. ரப்பர் மேட்டை மட்டும் மினுக்கிவிட்டுப் போகும். பார்க்கப் பளபளக்கும், பள்ளம் அப்படியே இருக்கும். நயமான சிவப்பு வளையத்தில் தொடங்குங்கள், அதைவிட நயமான மஞ்சள் வளையத்தில் முடியுங்கள். தண்ணீர் நன்றாக விழட்டும். கை அழுத்தவே வேண்டாம், பர் தன் எடையில் ஓடினால் போதும். ஜிர்கோனியாவில் பர் வைக்கும்போது தீப்பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொறி வந்தால் சூடு எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம். ஜிர்கோனியா சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. பட்ட இடத்திலேயே சூடு நிற்கும், நுண்விரிசல் விழும். அந்த விரிசல் அன்றைக்குத் தெரியாது.

அப்புறம் ரப்பர். டைமண்ட் துகள் கலந்த ரப்பர் பாலிஷர்கள் இரண்டு அல்லது மூன்று படியாக வரும்: முரடு, நடுத்தரம், நயம். எந்தப் பீங்கானுக்கு எது என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். போர்சலினுக்கான ரப்பரை ஜிர்கோனியாவில் ஓட்டினால் ரப்பர்தான் கரையும். ரப்பரைச் சுழற்றும் ஹேண்ட்பீஸின் வேகம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று பக்கம் இருந்தால் போதும், தயாரிப்பாளர் சொன்ன வேகத்தைத் தாண்ட வேண்டாம். ரப்பர் கருகும் வாடை வந்தால் ஒன்று வேகம் கூடிவிட்டது, இல்லையென்றால் அழுத்தம் கூடிவிட்டது.

இப்போது சொல்லப்போவது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், என் அனுபவத்தில் எல்லாவற்றையும் விட அதிகப் பலன் தந்தது இதுதான். ஒரு படியில் கிழக்கு மேற்காக ஓட்டினால் அடுத்த படியில் வடக்கு தெற்காக ஓட்டுங்கள். முந்தைய படியின் கோடுகள் குறுக்கே நிற்கும். அவை எல்லாம் மறைந்தால்தான் அந்தப் படி முடிந்தது. எல்லாப் படியிலும் ஒரே திசையில் ஓட்டினால் பழைய கோடு எது புதுக் கோடு எது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த படிக்குப் போகும் முன் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் துடைத்துவிடுங்கள். முரட்டு ரப்பரிலிருந்து விழுந்த ஒரே ஒரு துகள் மிச்சம் இருந்தாலும், நய ரப்பர் அதையும் சேர்த்து உருட்டிக் கோடு போட்டுவிடும். எந்தப் படியையும் தாண்டிக் குதிக்காதீர்கள். நேரத்தை மிச்சம் பிடிக்க நடுத்தரத்தை விட்டுவிட்டு நயத்துக்குப் போனால், நயத்தில் பத்து நிமிடம் ஓட்டினாலும் முரட்டுக் கோடு போகாது. நேரமும் போச்சு, வேலையும் முடியவில்லை.

கூருக்குக் கப் வடிவ ரப்பர், குழிக்குக் கூர்முனை ரப்பர், பக்கவாட்டுக்கு வட்டு. குழிக்குள் பாலிஷ் போகாமல் மேட்டில் மட்டும் மின்னும் கிரௌன்கள்தான் எங்களிடம் அதிகம் திரும்பி வருகின்றன. கூர்முனை மழுங்கிவிட்டால் டிரஸ்ஸிங் கல்லில் ஓட்டிக் கூராக்கிக்கொள்ளலாம். கடைசியாகச் சின்னப் பிரஷிலோ ஃபெல்ட் வீலிலோ டைமண்ட் பேஸ்ட் வைத்து ஒரு நிமிடம். அதில் இருப்பது ஒன்றிரண்டு மைக்ரான் துகள். முந்தைய படிகள் ஒழுங்காக முடிந்திருந்தால் பேஸ்ட் பட்டதும் பரப்பு கண்ணாடியாகிவிடும். அது மாறும் கணத்தைப் பார்ப்பது இத்தனை வருடம் கழித்தும் எனக்குச் சலிக்கவில்லை.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? பரப்பின் அளவை எடுக்கும் கருவி உங்களிடம் இருக்காது, தேவையும் இல்லை. காற்றடித்து நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தில் எல்லாமே மின்னும், அது கண்ணை ஏமாற்றும். உலர்ந்த பரப்பில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, லூப் என்ற பூதக்கண்ணாடி வழியாகப் பாருங்கள். விளக்கின் விளிம்பு கூர்மையாகப் பிரதிபலித்தால் நல்லது. மங்கலாகப் பரவித் தெரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது. இன்னொரு சோதனை உங்கள் கையிலேயே இருக்கிறது. கடிபடும் இடத்தைக் காட்டும் ஆர்டிகுலேட்டிங் பேப்பரின் மை பட்ட இடத்தை ஈரப் பஞ்சால் ஒரு தரம் துடையுங்கள். மை ஒரே துடைப்பில் போனால் பரப்பு தயார். கோட்டுக்குள் மை தங்கி நின்றால், நாளைக்கு அங்கே தங்கப்போவது என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பல்லைத் தடவிப் பார்க்கும் கூர்நுனிக் கருவியான ஸ்டீல் எக்ஸ்ப்ளோரரை லேசாக இழுத்துப் பாருங்கள், சொரசொரப்பான பீங்கான் உலோகத்தையே அரைத்து ஒரு சாம்பல் கோட்டைக் காட்டும். அதே வேலையைத்தான் அது எனாமலுக்கும் செய்யும். பாலிஷ் செய்த பிறகு மறுபடி பைட் பார்க்கும்போது மை சரியாக ஒட்டாமல் போகலாம். பேப்பரில் துளி வாசலின் தடவினால் தடம் விழும்.

இவ்வளவுக்கும் ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நோயாளி வாயைத் திறந்து வைத்துக் களைத்திருப்பார், தாடை வலிக்கும், வெளியே அடுத்தவர் காத்திருப்பார். சிமென்ட் ஒட்டியாயிற்று, பைட் சரியாயிற்று, அவரும் எழுந்து போகத்தான் துடிப்பார். பாலிஷ் எப்போதும் கடைசியில் வருகிறது, கடைசியில் வருவதைத்தான் நேரம் முதலில் விழுங்குகிறது. அதனால் ஒரு யோசனை: கிரௌன் ஒட்டும் நாளுக்கு நேரம் ஒதுக்கும்போதே பாலிஷுக்கும் சேர்த்து ஒதுக்கிவிடுங்கள். அன்றைக்கு முடியவே இல்லையென்றால், "வேலை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு, ஒரு வாரத்தில் வாங்க" என்று நோயாளியிடம் சொல்லி அனுப்புங்கள். தேய்ந்து சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பற்களைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பீங்கான் உள்ள வாயில் அமிலத்தன்மை கொண்ட ஏ.பி.எஃப். ஃப்ளூரைடு ஜெல் வைக்காதீர்கள், அது கண்ணாடிப் பகுதியை அரித்து மேற்பரப்பைக் கெடுக்கும். நியூட்ரல் சோடியம் ஃப்ளூரைடு இருக்கிறது. முரட்டுப் பேஸ்ட்டும் பல்காரை எடுக்கும் ஸ்கேலர் நுனியும் கிளேஸைக் கீறும். ஒவ்வொரு தடவை சோதனைக்கு வரும்போதும் பல்லையும் ஈறையும் பார்ப்பது போல அந்தக் கிரௌனின் பரப்பையும் உலர்த்திப் பாருங்கள். மங்கியிருந்தால் நய ரப்பரும் பேஸ்ட்டும் போதும், மீட்டுவிடலாம்.

கல்லூரியில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் பைட் சரிசெய்ததும் "நல்லா இருக்கு, அனுப்பலாம்" என்று கையெழுத்துப் போடும் முன், காற்றடித்து உலர்த்தி அந்த மேற்பரப்பை ஒரு தரம் பாருங்கள். நீங்கள் பார்ப்பீர்கள் என்று தெரிந்தால் அவர்கள் செய்வார்கள். இரண்டாவது கிரௌனிலிருந்து அது கைப்பழக்கம் ஆகிவிடும்.

இவ்வளவு கேட்ட நான் என் பங்கையும் சொல்ல வேண்டும். பைட் உயரமாக வருவதற்கு எங்கள் தவறும் காரணமாக இருக்கலாம். சிமென்ட்டுக்கு இடம் விட மாடலில் பூசும் டை ஸ்பேசர் போதாமல் கிரௌன் முழுக்க உட்காராமல் நின்றிருக்கலாம், மேல் கீழ் மாடல்களைக் கடிக்க வைத்துப் பார்க்கும் ஆர்டிகுலேட்டரில் மாடல் ஒரு நூல் தூக்கியிருக்கலாம். நீங்கள் வாயில் அரைத்துச் சரிசெய்துவிட்டு எங்களிடம் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டால், அடுத்த கிரௌனும் அதே உயரத்தில்தான் வரும். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். எவ்வளவு அரைத்தீர்கள், எந்த இடத்தில், எல்லாக் கிரௌனிலும் இப்படியா, இந்த ஒன்றில் மட்டுமா என்று இரண்டு வரி போதும். அதை வைத்து நான் என் மேசையில் காரணத்தைத் தேடிப் பிடித்துவிடுவேன். பர் வைக்கவே தேவையில்லாத கிரௌன்தான் எனக்கும் வேண்டும்.

இனிமேல் என்னிடமிருந்து வரும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு இருக்கும். கிரௌன் எந்தப் பீங்கான், எந்த இடத்தில் வெறும் பாலிஷ், எந்த இடத்தில் கிளேஸ், எந்த ரப்பர் ஏற்றது என்று எழுதியிருப்பேன். சீட்டின் அடியில் கிரௌனின் மேற்பரப்புப் படம் ஒன்று காலியாக இருக்கும். பர் வைத்த இடத்தை அதில் பேனாவால் வட்டமிட்டு, அடுத்த வேலையோடு சேர்த்து அனுப்புங்கள்.

அந்தப் பழைய கிரௌனின் இரண்டு துண்டுகளும் இன்னும் என் மேசை விளக்கின் கீழ் இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மைக்ராஸ்கோப்பில் முதலில் காட்டுவது அதைத்தான். அந்த நோயாளியின் புதுக் கிரௌனைச் செய்து அனுப்பியாயிற்று. தொடும் இடங்களில் கிளேஸ் இல்லை, பாலிஷ் மட்டும். கூடவே மூன்று படி ரப்பரும் சின்னக் குப்பியில் பேஸ்ட்டும் வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து அந்த டாக்டர் போன் செய்தார். கொஞ்சம் அரைக்க வேண்டியிருந்தது, எல்லாப் படியும் செய்தேன், ஏழு நிமிடம் ஆச்சு என்றார்.

அன்புடன்,
ஒரு பல் லேப் தொழிலாளி